ஊட்டி ட்ரிப்பை ஆப்ல பிளான் பண்றது எப்படி?

டிக்கெட், ரூம், கேப், சைட்சீயிங் எல்லாமே ஒரே ஆப்ல வந்துடுச்சு, வசதிதான், ஆனா அது முதல் பக்கத்துல எதைக் காட்டுதோ அங்கதான் நாம போய் நிக்கிறோம். அதனால இந்த வரிசைல போங்க.

ஸ்டெப் 1: ஆப்பைத் திறக்காதீங்க. எத்தனை நாள், தலைக்கு எவ்ளோ செலவு, கண்டிப்பா பாக்கவேண்டிய ரெண்டு இடம், இதை மட்டும் முதல்ல எழுதி வைங்க.

ஸ்டெப் 2: ட்ரெயின். மலை ரயில்ல போகணும்னா மேட்டுப்பாளையம் டு உதகமண்டலம்னு தேடுங்க, ஸ்டேஷன் பேரு அதுதான். சீட்டு ரொம்ப கம்மி, முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடிதான் ஓப்பன் ஆகும் (2024 நவம்பருக்கு முன்ன 120 நாள் இருந்துச்சு). எந்த ஆப்ல போட்டாலும் டிக்கெட் ஐஆர்சிடிசி வழியாத்தான் வருது, நடுவுல ஆப்புக்கு எதுக்கு சர்வீஸ் சார்ஜ், நேராவே போட்டுடுங்க.

ஸ்டெப் 3: ரூம். இங்கதான் நிதானம் வேணும். லிஸ்ட்ல மேல இருக்கிறது நல்ல ஹோட்டல்னு அர்த்தம் இல்ல, கமிஷன், விளம்பரம் எல்லாம் அந்த வரிசைக்குள்ள இருக்கும். ஃபில்டர்ல உங்க பட்ஜெட்டைப் போட்டு, மேப் வியூவுக்கு மாத்தி, லேட்டஸ்ட் ரிவியூவைப் படிங்க. பஸ் ஸ்டாண்ட்ல இருந்து ஒரு கிலோமீட்டர்னு போட்டிருக்கும், அது முழுக்க ஏத்தமா இருந்தா பெட்டியோட அம்மா அப்பா எப்படி ஏறுவாங்க? ஹோட்டலுக்கே போன் போட்டு சுடுதண்ணி எத்தனை மணிக்கு வரும், ரூம் ஹீட்டருக்குத் தனி காசான்னு கேட்டுடுங்க, அப்படியே நேரடி ரேட்டும் கேளுங்க, சில சமயம் கம்மியா சொல்லுவாங்க. இன்னொண்ணு, மேக்மைட்ரிப்பும் கோஐபிபோவும் 2017ல இருந்து ஒரே குரூப், புக்கிங் டாட் காமும் அகோடாவும் சேர்ந்து இன்னொரு குரூப், அதனால ரேட் ஒப்பிட்டுப் பாக்கும்போது வேற வேற குரூப்ல பாருங்க.

ஸ்டெப் 4: பேமென்ட். பணம் கட்டுறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ், டொனேஷன்னு ஏதாவது தானா டிக் ஆகியிருக்கான்னு பாத்து எடுத்துடுங்க. நம்மளக் கேக்காம இப்படிச் சேக்குறதை மத்திய அரசோட 2023 டார்க் பேட்டர்ன் (ஆப், வெப்சைட்ல நம்மள ஏமாத்துற தந்திரம்) விதிகள் தடை பண்ணியிருக்கு, "இன்னும் ஒரு ரூம்தான்"னு பொய்யா அவசரப்படுத்துறதும் அதுல வருது.

ஸ்டெப் 5: கார்ல போறவங்க ரூம் போட்டதோட நிக்காதீங்க, ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து ஊட்டிக்கு இ-பாஸ் இருக்கு. தமிழ்நாடு அரசோட இ-பாஸ் வெப்சைட்ல வண்டி நம்பர், தேதி, தங்குற இடம் கொடுத்து எடுத்துக்கலாம். அரசு பஸ்ல போனா இது தேவையில்ல.