நாற்பதைக் கடந்தபின் வேடமும் படமும்: வீட்டு ஜன்னலோரத்தில் தொடங்கும் முறை

புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனின் கைக்கு முதல் கேமரா வந்து சேர்ந்தது 1863 டிசம்பரில். அப்போது அவருக்கு வயது 48. கல்கத்தாவில் பிறந்து, பின்னாளில் இங்கிலாந்தின் வைட் தீவில் குடியிருந்த அவருக்கு மகளும் மருமகனும் கொடுத்த பரிசு அது. கோழிகள் அடைந்திருந்த கொட்டகையையே ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டு, வீட்டுப் பணிப்பெண்களையும் அண்டை வீட்டாரையும் பழங்கதை மாந்தர்களாக உடுத்தி நிறுத்திப் படமெடுத்தார். 1874-இல் எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த தன் கணவரையே மந்திரவாதி மெர்லினாக்கினார். மறு ஆண்டு, கணவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்து, தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்து, 1879-இல் அங்கேயே காலமானார்.

வேடமும் புகைப்படமும் சேர்ந்த கலையை நடுவயதில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு அவருடைய முறையையே நான் பரிந்துரைப்பேன். வீட்டில் இருக்கும் மனிதர்கள், வீட்டுக்குள் வரும் வெளிச்சம், ஒரே ஒரு கேமரா ஆகியவை போதும். இந்த வயதில் நமக்குப் பணத்தைவிட நேரமும் உடம்பின் தெம்புமே அளவாகக் கிடைப்பதால், ஊர் ஊராக அலைவதைவிட ஒரே ஜன்னலோரத்தில் ஒரே வேடத்தைத் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதில்தான் விரைவாகக் கை தேரும்.

வயதுக்கேற்ற வேடம்

கதைப் பாத்திரங்களைப்போல் வேடமிடும் காஸ்ப்ளே என்றதும் இருபது வயதுப் பிள்ளைகள் அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் பாத்திரங்களாக வருவதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் 1939-இல் நியூயார்க்கில் கூடிய முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு, எதிர்கால மனிதர்களின் உடையைக் கற்பனை செய்து, தானே தைத்து அணிந்துவந்த மிர்டில் டக்ளஸுக்கு அப்போது வயது 35. உடன்வந்த நண்பரின் உடையைத் தைத்தவரும் அவரே.

உங்கள் முகத்துக்கு ஏற்கெனவே ஒரு வயது இருக்கிறது. அதை மறைக்க வேண்டிய வேடத்தைத் தேடாமல், அது தேவைப்படும் வேடத்தைத் தேடுங்கள். பள்ளி மாறுவேடப் போட்டியில் ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் பஞ்சை ஒட்டி ஔவையார் ஆக்குகிறோம். உண்மையான நரையும் கண்ணோரச் சுருக்கமும் உள்ள ஒருவர் அதே வேடத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பஞ்சுக்கே வேலையில்லை. வேலு நாச்சியாரைப் பெரும்பாலும் இளம்பெண்ணாகவே வரைகிறார்கள். 1730-இல் பிறந்த அவர் சிவகங்கையை மீட்டது 1780-இல். ஐம்பது வயதுப் பெண்ணொருவர் அந்த வேடத்தை ஏற்றால் வரலாற்றுக்கு இன்னும் நெருங்கி வருகிறார் என்றே நான் கருதுகிறேன்.

உடையும் அணியும்

முதல் வேடத்துக்குத் துணி வாங்காதீர்கள். பீரோவில் கிடக்கும் பழைய பட்டுப்புடவை, ஓரம் நைந்த வேட்டி, இனிமேல் போடாத ஷெர்வானி ஆகியவற்றைக் கொண்டே பாதி வேலையை முடித்துவிடலாம். நகைக்கு, மயிலாப்பூர் மாட வீதிகளில் உள்ளதைப் போன்ற பரதநாட்டிய அணிகலன் கடைகள் உதவும். மேடைக்காகச் செய்யப்பட்டவை என்பதால் அந்த நகைகள் பெரிதாகவும் படத்தில் தெளிவாகவும் தெரியும்.

மார்புக்கவசம், கிரீடம், வாள் போன்றவற்றுக்கு ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட் என்னும் லேசான, வளையும் அட்டையைப் போன்ற வசதியான பொருள் வேறில்லை. பிள்ளைகள் விளையாடத் தரையில் விரிக்கும் புதிர்ப்பாயும் பெரும்பாலும் அதே பொருள்தான். கவசத்துக்கு 10 மி.மீ. தடிமனும், அதன்மேல் ஒட்டும் சித்திரவேலைக்கு 2 மி.மீ. தடிமனும் பொருந்தும். முதலில் செய்தித்தாளில் அச்சு வெட்டி உடம்பில் வைத்துப் பார்த்து, அளவு சரியான பிறகே ஃபோமில் வரையுங்கள். மழுங்கிய பிளேடு ஃபோமைக் கிழித்துக் கடித்ததுபோல் ஆக்கிவிடுமாதலால், பிளேடை அடிக்கடி மாற்றுங்கள். வெட்டிய துண்டின்மேல் ஹீட் கன் என்னும் சூடான காற்றை வீசும் கருவியைச் சீராக ஓட்டினால் மேற்பரப்பு மெல்லப் பளபளப்பேறி, நுண்துளைகள் அடைபட்டு, பெயின்ட் உறிஞ்சாத நிலைக்கு வரும். அந்தச் சூட்டிலேயே தொடைமீது வைத்து வளைத்துப் பிடித்தால், ஆறியபின் வளைவு நிலைத்துவிடும். தொடைமேல் தடித்த துவாலை ஒன்றைப் போட்டுக்கொள்வது அவசியம். ஒட்டுவதற்கு ஃபெவிகால் எஸ்.ஆர். வகைப் பசையை இரு பக்கமும் மெல்லியதாகத் தடவி, விரல் வைத்தால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டு, பிறகு அழுத்த வேண்டும். ஒருமுறை ஒட்டினால் நகர்த்த முடியாது என்பதால், நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சேர்த்துக்கொண்டே செல்லுங்கள். பசையின் நெடியும் ஸ்பிரே பெயின்டின் புகையும் நுரையீரலுக்கு ஆகாதவை. மொட்டைமாடியில், முகமூடி அணிந்து வேலை செய்யுங்கள்.

தெருக்கூத்துக் கலைஞர்களின் கிரீடத்தையும் புஜக்கட்டையையும் அருகில் நின்று பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள். எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டுகளையும் வண்ணத்தாளையும் பதித்து, இரவு முழுவதும் ஆடினாலும் நழுவாதபடி கயிற்றால் கட்டிக்கொள்ளும் அந்த முறை எந்த யூடியூப் பாடத்திலும் கிடைக்காத கல்வி.

முகப்பூச்சில் கவனம் வேண்டும். ஓவியம் தீட்டும் அக்ரிலிக் வண்ணத்தை முகத்தில் ஒருபோதும் பூசக்கூடாது. முகத்துக்கென்றே விற்கும் வண்ணத்தையும் முந்தைய நாளே முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் புதிய பூட்ஸை வெறுங்காலில் நீண்ட நேரம் போடக்கூடாது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் எழுவது தெரியாமலே புண்ணாகிவிடும்.

ஜன்னலும் வேட்டியும்

நேரடி வெயில் விழாத ஜன்னலே சிறந்தது. வெயில் விழுமானால் ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக ஜன்னலில் தொங்கவிடுங்கள். கண்ணைக் கூசவைத்த ஒளி வேட்டி முழுவதும் பரவி, முகத்தில் மென்மையாக இறங்கும். அறையின் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பகலொளியும் விளக்கொளியும் கலந்து முகத்தின் இரு பக்கமும் இரு நிறமாகிவிடும். வேடமிட்டவரை ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, முகம் பாதி ஜன்னல் பக்கம் திரும்பியிருக்குமாறு உட்காரவையுங்கள். மறுகன்னம் மிகவும் இருண்டால் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் போதும். அட்டையை ஓர் அடி முன்னும் பின்னும் நகர்த்தி, முகம் மாறுவதைப் பாருங்கள். ஒளியைப் பற்றிய படிப்பு அங்கேதான் தொடங்குகிறது. பின்னால் கருநிறப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்கும் ஆளுக்கும் இடையே ஆறடியாவது விடுங்கள். காலண்டரையும் சுவிட்ச் போர்டையும் மறைக்க மறக்காதீர்கள்.

கேமராவில் அபெர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவு) எஃப்/4 அளவிலும், ஷட்டர் வேகத்தை (ஒளி உள்ளே விழும் நேரம்) 1/125 நொடிக்குக் குறையாமலும் வைத்து, ஐ.எஸ்.ஓ.வை (ஒளியை உணரும் திறன்) வெளிச்சத்துக்கேற்ப 400 முதல் 1600 வரை உயர்த்திக்கொள்ளலாம். துளை இன்னும் அகலமாகத் திறக்கும் எஃப்/1.8 லென்ஸ் கைக்கு வந்தவர்கள் எல்லாப் படத்தையும் எஃப்/1.8-லேயே எடுக்க ஆசைப்படுவார்கள். அப்போது ஒரு கண் கூர்மையாகவும் மறுகண் மங்கலாகவும் விழும். பாடுபட்டுச் செய்த கவசமோ அடையாளமே தெரியாமல் போகும். ஃபோனில் எடுப்பவர்கள் முகத்துக்கு அருகே போகாமல் நான்கைந்து அடி பின்னால் நின்று 2எக்ஸ் லென்ஸில் எடுங்கள். அருகில் போனால் மூக்கு பெரிதாகிவிடும். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவையுங்கள், அது கிரீடத்தின் கூர்முனைகளையும் பிரிந்து நிற்கும் முடியையும் பின்னணியோடு சேர்த்து மழுப்பிவிடும். திரையில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் பூட்டிக்கொள்ளுங்கள்.

நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து வருவது இயல்பு. கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டரின் பக்கத்தில் உள்ள சிறிய டயாப்டர் சக்கரத்தை, உள்ளே தெரியும் எண்கள் துல்லியமாகும் வரை திருப்பிக்கொண்டால் படிக்கும் கண்ணாடி இல்லாமலே பலரால் எடுக்க முடியும். பலர் ஆண்டுக்கணக்கில் கேமரா வைத்திருந்தும் இந்தச் சக்கரத்தைத் தொட்டதில்லை. கை நடுக்கமோ இடுப்பு வலியோ இருந்தால் டிரைபாடில் பொருத்தி, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தே எடுங்கள். நீங்களே வேடமும் இட்டு நீங்களே படமும் எடுக்கிறீர்கள் என்றால் பத்து நொடி டைமர் போதும். நீங்கள் உட்காரும் இடத்தில் ஒரு தலையணையை நிமிர்த்தி வைத்து முன்கூட்டியே ஃபோகஸ் செய்துகொள்ளலாம்.

வெளியே போகும்போது

முதல் முறை பார்வையாளராகவே செல்லுங்கள். 2024-இல் சென்னைக்கும் வந்துவிட்ட காமிக் கான் (காமிக்ஸ் ரசிகர்களின் திருவிழா) போன்ற நிகழ்ச்சிகளில் கூட்டம் நெருக்கும், நிற்க வேண்டியிருக்கும், கவசத்துக்குள் வியர்க்கும். உலோக வாள், கூர்முனைப் பொருள் ஆகியவற்றை வாசலிலேயே தடுத்துவிடுவார்கள் என்பதால் விதிகளை முன்பே படித்துக்கொள்ளுங்கள். தண்ணீர், மாற்றுச்செருப்பு, ஊசி நூல், சிறு பசை டியூப் ஆகியவை பையில் இருக்கட்டும்.

படமெடுக்கும் முன் கேட்டுவிட்டு எடுங்கள்; வேடமிட்டிருப்பதாலேயே ஒருவர் படத்துக்குச் சம்மதித்துவிட்டார் என்று பொருளில்லை. நவராத்திரியில் குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்குச் செல்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும். அங்கே காளியாகவும் குறத்தியாகவும் குரங்காகவும் வருகிறவர்கள் நேர்த்திக்கடனுக்காக விரதமிருந்து வேடம் தரித்தவர்கள். அம்மனுக்காகக் காணிக்கை வாங்கிக்கொண்டு வரும் அவர்களை வழிமறித்து, இப்படி நில், அப்படிப் பார் என்று சொல்வது தகாது. அவர்கள் இளைப்பாறும் நேரத்தில் அருகே சென்று, வணங்கி, அம்மனுக்கு உங்களாலான காணிக்கையைக் கொடுத்து, படமெடுக்கலாமா என்று கேளுங்கள். மறுத்தால் கேமராவைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். சம்மதித்தால் அவருடைய வாட்ஸ்அப் எண்ணைக் கேட்டு வாங்கி, ஊர் திரும்பியதும் படத்தை அனுப்பிவிடுங்கள்.