முதல் கிரிட் பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு: வளைவும் வியூகமும்

மேற்கு லண்டனில் ஹேய்ஸ் பகுதியில், மினட் பூங்காவுக்குள் ஹில்லிங்டன் சைக்கிள் சர்க்யூட் இருக்கிறது. ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். கார் கிடையாது, சிக்னல் கிடையாது. என் முதல் கிரிட்டீரியம் (சுருக்கமாக கிரிட்) சைக்கிள் பந்தயத்தை அங்கேதான் ஓட்டினேன். பெண்களுக்கான 3, 4ஆம் பிரிவுப் பந்தயம். அப்போது வாரத்துக்கு 200 கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டிருந்தேன், மேடு ஏறுவதில் கிளப்பில் எனக்கு நல்ல பெயர் இருந்தது. ஆனாலும் எட்டாவது சுற்றில் கூட்டத்தை விட்டுக் கழன்றுவிட்டேன். அன்றைக்கு ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் பிரேக் பிடித்தேன். வளைவு முடிந்ததும் எழுந்து நின்று மிதித்து, முன்னால் போகிறவரின் சக்கரத்தை எட்டிப் பிடித்தேன். எட்டு சுற்றுக்கு மேல் உடம்பு கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த வளைவுகளைப் பற்றியதுதான். அதனால் இங்கேயும் அதற்குத்தான் அதிக இடம் கொடுக்கிறேன்.

பந்தயத்தின் அமைப்பு எளிது. மூடிய ஒரு சிறிய தடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றவேண்டும். தொடக்க நிலைப் பந்தயங்கள் பெரும்பாலும் '40 நிமிடமும் 5 சுற்றும்' என்ற மாதிரி இருக்கும். நேரம் முடிந்ததும் கோட்டருகே ஒரு பலகையில் 5, 4, 3 என்று மிச்சச் சுற்றைக் காட்டுவார்கள், கடைசிச் சுற்றுக்கு மணி அடிப்பார்கள். பிரிட்டனில் எல்லோரும் 4ஆம் பிரிவில் தொடங்குகிறோம். ஒரு பருவத்தில் 12 புள்ளி சேர்த்தால் 3ஆம் பிரிவு. முன்வரிசையில் முடிப்பவர்களுக்கு மட்டும்தான் புள்ளி.

இப்போது ஒரு கணக்கு. நானும் வண்டியும் சேர்ந்து 70 கிலோ என்று வையுங்கள். வளைவுக்கு முன் மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்து, பிரேக் பிடித்து 30க்கு இறங்கினால், பழைய வேகத்துக்குத் திரும்ப ஏறக்குறைய 1,900 ஜூல் செலவாகும். அதை ஐந்து நொடியில் ஈடுகட்டவேண்டுமென்றால், ஏற்கெனவே மிதித்துக்கொண்டிருப்பதற்கு மேல் 380 வாட் வேண்டும். அதே வளைவில் 37க்கு மட்டும் இறங்கியவருக்கு 620 ஜூல் போதும், மூன்றில் ஒரு பங்கு. 36 கிலோமீட்டர் சராசரியில் 40 நிமிடம் என்றால் ஹில்லிங்டனில் 16 சுற்று, கடைசி ஐந்தையும் சேர்த்தால் 21. சுற்றுக்கு இரண்டு வளைவில் மட்டும் இப்படிப் பிரேக் பிடித்தாலும், பந்தயம் முடிவதற்குள் 42 தடவை எகிறி மிதித்திருப்போம்.

கூட்டத்தின் பின்பகுதியில் இருந்தால் இது இன்னும் மோசம். முதல் ஆள் லேசாக வேகம் குறைக்கிறார், பத்தாவது ஆள் இன்னும் கொஞ்சம், முப்பதாவது ஆள் கிட்டத்தட்ட நின்றேவிடுகிறார். முன்னால் இருப்பவர்கள் வளைவு முடிந்து வேகம் எடுக்கும்போது பின்னால் இருப்பவர்கள் இன்னும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஆகவே பின்னால் ஒளிந்துகொண்டு பலத்தைச் சேமிக்கலாம் என்று நினைக்காதீர்கள். நேர்ச்சாலையில் அது பலிக்கும், கிரிட்டில் பலிக்காது. முதல் பத்து பேருக்குள் இருங்கள், ஆனால் முதல் ஆளாக இருக்காதீர்கள்.

சரி, வளைவுக்கு வருவோம்.

கை முதலில். ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடியுங்கள். மேலே பிரேக் பிடியின் ரப்பர் மூடிமீது கை வைத்தபடி திரும்பினால் எடை முன்சக்கரத்துக்குச் சரியாக இறங்காது, குலுங்கினால் கை நழுவவும் கூடும். முழங்கை மடங்கியிருக்கட்டும். அப்போதுதான் பக்கத்தில் வருகிறவரின் தோள் உரசினாலும் அந்த இடி முழங்கையோடு நிற்கும், ஹேண்டில்பாருக்குப் போகாது.

அடுத்து கால். எந்தப் பக்கம் திரும்புகிறோமோ அதற்கு எதிர்ப்பக்கத்துப் பெடல் கீழே இருக்கவேண்டும். இடதுபக்கம் திரும்பினால் வலது பெடல் அடியில். சும்மா கீழே வைத்தால் போதாது. அந்தக் காலால் பெடலை அழுத்தி, எடை முழுவதையும் அதன்மேல் இறக்கி, இருக்கையிலிருந்து மயிரிழை அளவு எழும்புங்கள். என்னைப் பொறுத்தவரை இந்த ஒன்றைச் செய்த நாளிலிருந்துதான் வண்டி என் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. உள்பக்கக் கையால் ஹேண்டில்பாரை மெல்ல முன்னே தள்ளுங்கள், வண்டி தானாகச் சாயும்.

மூன்றாவது கண். கண் போகிற இடத்துக்கே வண்டியும் போகும். முன்னவரின் பின்சக்கரத்தையே முறைத்துக்கொண்டிருந்தால் அவர் தடுமாறும்போது நாமும் தடுமாறுவோம். அவர் தோளுக்கு மேலாக, வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள். சக்கரம் ஓரக்கண்ணில் தெரிந்தால் போதும்.

நான்காவது பிரேக். இதை ஒரு விழுப்புண்ணோடு கற்றேன். தென் லண்டனில் கிறிஸ்டல் பேலஸ் பூங்காவில், 1972 வரை மோட்டார் பந்தயம் நடந்த பழைய தடத்தில், கோடைகால மாலைகளில் கிரிட் நடப்பதுண்டு. மேடு, இறக்கம், இறுக்கமான வளைவு எல்லாம் அங்கே உண்டு. ஒரு நாள் சாயங்காலம் தூறல் நின்று பத்து நிமிடம் இருக்கும். இறக்கத்தில் கொஞ்சம் அதிக வேகத்தில் வளைவுக்குள் போய்விட்டேன். சாய்ந்த பிறகுதான் பயம் வந்தது, கண் ஓரத்துப் புல்லுக்குப் போனது, விரல் தானாக முன் பிரேக்கை இழுத்தது. முன்சக்கரம் வழுக்கியது என்று புத்திக்கு எட்டுவதற்குள் இடுப்பு தார்மேல் தேய்ந்துகொண்டிருந்தது. கையுறையின் உள்ளங்கை கிழிந்து, அதற்குள் சின்னச் சின்னக் கருங்கல் துகள்கள். பின்னால் வந்தவர்கள் திறமைசாலிகள், என்னைச் சுற்றிப் போய்விட்டார்கள். வேறு யாரும் விழவில்லை என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பெரிய நிம்மதி.

நடந்தது என்னவென்றால், டயரின் பிடிமானம் ஒரே பானைச் சோறு. திரும்புவதற்கும் அதிலிருந்துதான் எடுக்கவேண்டும், பிரேக் பிடிக்கவும் அதிலிருந்துதான். முழுக்கச் சாய்ந்திருக்கும்போது பானை ஏறக்குறைய காலி. அந்த நேரத்தில் பிரேக்கை இழுத்தால் முன்சக்கரத்துக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. வேகம் விஷயத்தில் இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும்: 10 சதவீதம் வேகத்தைக் கூட்டினால் டயர் தாங்கவேண்டிய பக்கவாட்டு விசை 21 சதவீதம் கூடுகிறது. ஆகவே வேகத்தைக் குறைப்பதெல்லாம் வண்டி நேராக இருக்கும்போதே முடிந்துவிடவேண்டும். சாய்வதற்கு முன் பிரேக்கிலிருந்து விரலை விடுங்கள். உள்ளே போனபின் வேகம் அதிகம் என்று தோன்றினால், வெளிப்பெடலை இன்னும் அழுத்துங்கள், கண்ணை வெளியேறும் இடத்தில் வையுங்கள், இன்னும் கொஞ்சம் சாயுங்கள். காய்ந்த சாலையில் டயர் நாம் பயப்படுவதைவிட அதிகமாகவே தாங்கும்.

பிரிட்டனில் முன் பிரேக் வலது கையில் இருக்கும். ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய வண்டியை வாங்கினால் அது இடது கையில் இருக்கலாம். பந்தயத்துக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகும்போது வளைவை வெளியிலிருந்து உள்ளே தொட்டு மறுபடி வெளியே விரிந்து எடுப்போம். அதுதான் வேகமான வழி. ஆனால் கூட்டத்துக்குள் அப்படிச் செய்தால் பக்கத்தில் இருப்பவரின் குறுக்கே போய்விடுவோம். உள்பக்கமாக நுழைந்தால் உள்பக்கமாகவே வெளியேறவேண்டும், நடுவில் நுழைந்தால் நடுவில். வரிசை ஒற்றையாக நீண்டிருக்கும்போது மட்டும் முன்னவரின் தடத்தை அப்படியே பின்பற்றி விரிந்து போகலாம். வளைவு ஆரம்பித்த பிறகு உள்பக்கம் ஓர் இடைவெளி தெரிந்தால் அதற்குள் பாயாதீர்கள். அந்த இடைவெளி ஒரு நொடியில் மூடிக்கொள்ளும், நீங்கள் இருப்பது யாருக்கும் தெரியாது. முன்னேறவேண்டும் என்றால் நேர்ப்பகுதியில், எல்லோரும் மூச்சு வாங்கும் நேரத்தில், ஓரமாக முன்னேறுங்கள். இன்னொன்று, உங்கள் முன்சக்கரம் யாருடைய பின்சக்கரத்துக்கும் பக்கவாட்டில் புகுந்து நிற்கக்கூடாது. அவர் ஒரு சாண் நகர்ந்தாலும் சக்கரம் சக்கரத்தோடு உரசும், விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான்.

வளைவுக்குள் மிதிக்கலாமா என்று கேட்பார்கள். மென்மையான வளைவில் மிதிக்கலாம், மிதித்தால் நல்லது. இறுக்கமான வளைவில் உள்பக்கத்துப் பெடல் தரையில் இடித்தால் பின்சக்கரம் துள்ளிவிடும். எந்த வளைவில் எவ்வளவு சாயும்வரை மிதிக்கலாம் என்பதைப் பந்தயத்துக்கு முந்தைய சுற்றோட்டத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்குள் நுழையும்போதே வெளியேறத் தேவையான கியரில் இருங்கள், ஒரு பல் லேசான கியர் நல்லது.

இதையெல்லாம் பந்தயத்தில் போய்ப் பழகமுடியாது. ஞாயிறு காலை காலியாக இருக்கும் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் பாட்டில் நான்கை வைத்து ஒரு வளைவை அமைத்து, இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பியுங்கள். ஒரே வளைவை இடப்பக்கம் இருபது தடவை, வலப்பக்கம் இருபது தடவை. எல்லோருக்கும் ஒரு பக்கம் வராது. எனக்கு வலப்பக்கம் வரவில்லை. இரண்டு மாதம் அதை மட்டுமே செய்தேன். அப்புறம் ஒரு தோழியைக் கூட்டிக்கொண்டு புல்வெளியில் மெதுவாகப் பக்கத்துப் பக்கத்தில் ஓட்டி, முழங்கையால் முழங்கையை, தோளால் தோளை இடித்துப் பழகுங்கள். புல்லில் விழுந்தால் வலிக்காது. அந்தப் பழக்கம் இருந்தால் பந்தயத்தில் யாராவது உரசும்போது கை பிரேக்குக்கு ஓடாது.

டயர் விஷயத்தில் சுருக்கமாக: 28 மில்லிமீட்டர் டயர், என் எடைக்கு 65 முதல் 70 பி.எஸ்.ஐ. காற்று. கல்லாக அடித்தால் வேகம் வரும் என்பது பழைய நம்பிக்கை, வளைவில் டயர் துள்ளத்தான் செய்யும். மழை என்றால் ஐந்து குறைப்பேன். ஈரத்தில் வெள்ளைக்கோட்டின் மேலும், சாக்கடை மூடியின் மேலும் சாயாதீர்கள், அவற்றை நேராகக் கடந்துவிடுங்கள்.

இனி வியூகம். கிரிட்டில் எல்லாமே காற்று மறைவைப் பற்றியது. இன்னொருவரின் பின்னால் ஒட்டிப் போனால் கால்வாசிக்கு மேல் உழைப்பு மிச்சம். ஆகவே முன்னால் போய்க் காற்றை வெட்டும் வேலையை ஒரு காரணத்தோடு மட்டும் செய்யுங்கள். நீங்கள் முன்னால் மாட்டிக்கொண்டால் ஓரமாக ஒதுங்கி முழங்கையை லேசாக ஆட்டுங்கள், பின்னவருக்குப் புரியும். ஒதுங்கியதும் பின்னால் முழுக்க நழுவிப் போகாமல் நாலைந்து பேருக்குப் பின் இடம் பிடித்து நுழைந்துவிடுங்கள். ஒன்றும் செய்யாமல் இருந்தால் கிரிட்டில் தானாகப் பின்னுக்குப் போய்க்கொண்டே இருப்போம். ஒரு சுற்றுக்கு இரண்டு பேரைத் தாண்டினால்தான் இருந்த இடத்திலாவது இருக்கமுடியும்.

போனவுடன் சர்க்யூட்டில் கொடியோ மரக்கிளையோ எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பாருங்கள். பக்கக்காற்று அடித்தால் முன்னவருக்கு நேர் பின்னால் மறைவு கிடைக்காது, காற்று வராத பக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கும்.

யாராவது தப்பித்து ஓடினால் உடனே துரத்தாதீர்கள். தொடக்கநிலைப் பந்தயங்களில் தனி ஆள் ஓட்டம் அனேகமாகப் பிடிபட்டுவிடும். மூன்று நான்கு பேர், வெவ்வேறு கிளப் ஆட்கள், முறைவைத்து ஓட்டுகிறார்கள் என்றால்தான் ஆபத்து. நீங்களே ஓட நினைத்தால், ஒரு தப்பித்தலைத் துரத்திப் பிடித்த அடுத்த கணம்தான் நேரம். எல்லோரும் மூச்சிரைத்துத் தலையைத் தொங்கப்போட்டிருப்பார்கள். வரிசையில் ஏழெட்டாவது இடத்திலிருந்து ஓரமாக வேகமெடுத்துத் தாண்டுங்கள், முதல் இடத்திலிருந்து கிளம்பினால் எல்லோரும் பார்த்துவிடுவார்கள். கிளம்பிய பிறகு ஒரு சுற்று முழுக்கத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

கடைசி ஐந்து சுற்றுதான் உண்மையான பந்தயம். பலகையில் 3 தெரியும்போது முதல் எட்டுக்குள் இருக்கவேண்டும். மணி அடிக்கும்போது நுழையலாம் என்று காத்திருந்தால் வழி அடைபட்டிருக்கும். கடைசி வளைவுக்குள் மூன்றாவது முதல் ஐந்தாவது ஆளாக நுழைவது என் ஆசை. இரண்டாவதாக நுழைந்தால் சீக்கிரமே காற்றில் நின்றுவிடுவோம், எட்டாவதாக நுழைந்தால் வெளியே வரவே தூரம் போதாது. எதிர்காற்று என்றால் 100 மீட்டர் வரை மறைவில் பொறுத்திருங்கள், முதுகுக்காற்று என்றால் 200 மீட்டரிலேயே கிளம்பலாம். எனக்கு முதல் புள்ளிகள் கிடைத்த நாளில் கடைசி வளைவில் ஐந்தாவது ஆள் நான். அறுபதை நெருங்கும் ஒரு பெண்மணியின் பின்சக்கரம் என் முன்னால். அந்த வருடம் முழுக்க அவர் வளைவில் பிரேக் பிடித்து நான் பார்த்ததே இல்லை, அதனால்தான் அவர் பின்னால் போய் ஒட்டிக்கொண்டேன். அவர் விரல் அன்றும் பிரேக்கைத் தொடவில்லை, நானும் தொடவில்லை. எங்களுக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் தொட்டார்கள். வெளியே வந்தபோது அவர்கள் எங்கள் பக்கவாட்டில் இருந்தார்கள். நான்காவதாக முடித்தேன்.

கோட்டைத் தாண்டியதும் கையைத் தூக்காதீர்கள், சட்டென்று நிமிர்ந்து பிரேக்கும் பிடிக்காதீர்கள். பின்னால் இருபது பேர் தலையைக் குனிந்தபடி முழு வேகத்தில் வந்துகொண்டிருப்பார்கள். இரண்டு கையும் ஹேண்டில்பாரில், உங்கள் தடத்தில் நேராக, இன்னும் அரைச் சுற்று உருட்டிக்கொண்டே போய் அப்புறம் மூச்சு வாங்குங்கள்.