எஸ்யூவி வாங்கப் போகிறீர்களா? விலை பேசும்போது கோட்டைவிடும் இடங்கள் இவை

"சார், உங்களுக்காக மேனேஜரிடம் பேசி 40,000 டிஸ்கவுண்ட் வாங்கிட்டேன்" என்று ஷோரூமில் சொன்னதும் மனசு குளிர்ந்துவிடும். தங்கை வீட்டுக்கு ஏழு பேர் உட்காரும் வண்டி பார்க்கப் போனபோது, மாப்பிள்ளை அந்த இடத்திலேயே பேனாவை எடுத்துவிட்டார். கொட்டேஷனை வாங்கி வரி வரியாகப் படித்தோம். இன்சூரன்ஸ் 71,000, 'எசென்ஷியல் கிட்' 18,000, ஹேண்ட்லிங் சார்ஜ் 8,500. அதே ஐடிவி (வண்டி காணாமல் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி கொடுக்கும் அதிகபட்சத் தொகை), அதே ஜீரோ டெப் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் இழப்பீடு தரும் வசதி) வைத்து வெளியே விசாரித்தால் இன்சூரன்ஸ் 46,000தான். மிதியடியும் மட்ஃபிளாப்பும் நமக்கு வேண்டுமென்றால் கடையில் வாங்கிக்கொள்ளலாம். ஆக, ஒரு கையால் 40,000 கொடுத்துவிட்டு மறு கையால் 51,500 எடுத்திருந்தார்கள்.

அதனால் டிஸ்கவுண்டை வைத்துப் பேசாதீர்கள். கடைசியாக நம் கையைவிட்டுப் போகும் தொகை, அதாவது ஆன்-ரோடு விலை, அதை வைத்துப் பேசுங்கள்.

இன்சூரன்ஸில்தான் அதிகம் மிச்சம் பிடிக்கலாம். புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். அந்தப் பிரீமியம் அரசு நிர்ணயித்தது, எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியில்தான் கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஒப்பிடும்போது ஐடிவியை மட்டும் கவனியுங்கள். அதைக் குறைத்துக் காட்டினால் பிரீமியமும் குறைந்த மாதிரி தெரியும், வண்டி காணாமல் போனால் கிடைக்கும் பணமும் குறையும்.

சாலை வரியில் பேரத்துக்கு இடமில்லை. ஆனால் எந்த வேரியன்ட் என்று முடிவு செய்யும்போது அதைப் பார்க்காமல் விடுவது பெரிய தவறு. தமிழ்நாட்டில் வண்டி விலை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை வாழ்நாள் வரி 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டினால் 20 லட்சம் வரை 18 சதவீதம். 9.90 லட்ச ரூபாய் வண்டிக்கு 1,28,700. 10.10 லட்சம் என்றால் 1,81,800. சன்ரூஃபுக்காக 20,000 கூடக் கொடுக்கிறோம் என்று நினைத்திருப்போம், வரியிலேயே 53,000 ஏறிவிடும். விலை 10 லட்சத்தைத் தாண்டினால் 1 சதவீத டிசிஎஸ் வேறு, அதாவது நம் வருமான வரிக் கணக்கில் சேர ஷோரூமே நம்மிடம் வாங்கிக் கட்டும் வரி. அதை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம், பலர் மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் நேரம். ஆயுத பூஜைக்கு டெலிவரி வேண்டும் என்று போய் நின்றால் யார் விலையைக் குறைப்பார்கள்? ஆடியிலும் மார்கழியிலும் நம் ஊரில் வண்டி எடுக்கத் தயங்குவார்கள், ஷோரூம் காலியாக இருக்கும். மார்கழியின் முதல் பாதி டிசம்பர் கடைசியில் வருவதால், அந்த வருடத் தயாரிப்பை விற்றுத் தீர்க்கும் அவசரமும் சேர்ந்துகொள்ளும். பேசி முடிக்க இதைவிட நல்ல நேரம் இல்லை என்பேன். ஆனால் ஆர்.சி.யில் தயாரிப்பு மாதமும் வருடமும் ஏறும், பின்னால் விற்கும்போது அது விலையில் தெரியும். ஐந்தாறு வருடத்தில் மாற்றும் எண்ணம் இருந்தால், அதற்குத் தகுந்த தள்ளுபடி கேளுங்கள்.

பழைய காரை எக்ஸ்சேஞ்ச் போடுவதாக இருந்தால், முதலில் வெளியே இரண்டு இடத்தில் விலை கேட்டுவிட்டுப் போங்கள். 'எக்ஸ்சேஞ்ச் போனஸ்' பெரிதாக இருக்கும், காரின் மதிப்பை அதற்குமேல் குறைத்திருப்பார்கள்.

"மாசம் எவ்வளவு கட்ட முடியும்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லாதீர்கள். 10 லட்சம் கடனுக்கு 9 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு இஎம்ஐ சுமார் 20,760, ஏழு வருடத்துக்கு 16,090. தவணை இறங்கிய மாதிரி இருக்கும், வட்டியாக மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் கூடுதலாகப் போகும்.

சரி, எல்லாம் பேசி முடித்தாயிற்று. வாயால் சொன்ன ஒவ்வொன்றையும் கொட்டேஷனில் எழுதி, சீல் வைத்து வாங்குங்கள். ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே வண்டியைப் பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். பெயின்ட், டயர், ஓடிய கிலோமீட்டர், சேசிஸ் எண். பாக்கிப் பணத்தை அதற்குப் பிறகு கட்டலாம்.