தூண் பிளக்காத பனோரமா: ட்ரைபாட் ஹெட்டைச் சரியாகப் பொருத்தும் முறை

பெங்களூர் அல்சூர் சோமேஸ்வரர் கோயிலின் தூண் மண்டபத்தில் நின்றபடி சுற்றிலும் பன்னிரண்டு படம் எடுத்து ஒட்டிப் பாருங்கள். தூரத்துச் சுவர் அழகாகச் சேர்ந்திருக்கும். கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் தூண் மட்டும் இரண்டாகத் தெரியும், அல்லது நடுவில் அறுத்து நகர்த்தி வைத்ததுபோல் இருக்கும். இதற்கு மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை. கேமரா தவறான புள்ளியைச் சுற்றித் திரும்பியிருக்கிறது.

சரியான புள்ளி லென்ஸுக்குள் இருக்கிறது. லென்ஸை முன்பக்கமிருந்து எட்டிப் பார்த்தால், ஒளி புகும் அப்பெர்ச்சர் துளை உள்ளே ஏதோ ஓர் ஆழத்தில் இருப்பதாகத் தோன்றும். அப்படித் தோன்றும் இடம்தான் சுழற்சி மையமாக வேண்டும். இதை நோடல் பாயிண்ட் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். ஒளியியலில் அந்தப் பெயர் வேறொரு புள்ளிக்கு உரியது. ஆனால் கேமராவை அந்த இடத்தைச் சுற்றித் திருப்ப உதவும் ட்ரைபாட் ஹெட், கடையில் ‘நோடல் ஹெட்’ என்று கேட்டால் கிடைக்கும்.

ஒரு கணக்கு போட்டால் இதன் அவசியம் புரியும். அந்தப் புள்ளி சுழலும் அச்சிலிருந்து 20 மி.மீ. விலகியிருக்கிறது, ஒவ்வொரு படத்துக்கும் 30 டிகிரி திருப்புகிறீர்கள் என்று வையுங்கள். படத்துக்குப் படம் பார்வை இடம் சுமார் 10 மி.மீ. நகரும். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (சற்றுச் சிறிய சென்சார்) கேமராவில் 18 மி.மீ. லென்ஸ் இருந்தால், 1 மீட்டர் தள்ளியுள்ள தூண் கிட்டத்தட்ட 50 பிக்சல் இடம் மாறும். 100 மீட்டர் தள்ளியுள்ள கட்டடம் அரை பிக்சல்தான் மாறும். லால்பாக் பாறை மேலிருந்து தொலைவிலுள்ள நகரத்தை மட்டும் எடுக்க இந்த ஹெட்டே தேவையில்லை. மண்டபம், வீட்டு அறை, கண்ணாடி மாளிகையின் உட்புறம் என்றால் இது இல்லாமல் முடியாது.

கீழிருந்து மேலாக அடுக்கும் வரிசை இது: ட்ரைபாட், மட்டமாக்கும் லெவலிங் பேஸ், குறித்த டிகிரிக்கு ஒருமுறை ‘கிளிக்’ ஆகும் ரொட்டேட்டர், இடவலமாக நகரும் கீழ் ரயில், செங்குத்துக் கை, முன்பின்னாக நகரும் மேல் ரயில், அதன்மேல் நெடுக்குவாக்கில் கேமரா. லெவலிங் பேஸ் ரொட்டேட்டருக்குக் கீழேதான் இருக்க வேண்டும். பந்து மூட்டுள்ள பால் ஹெட்டின் அடியிலுள்ள சுழல் வளையத்தால் திருப்புபவர்களுக்கு அடிவானம் அலைபோல் வளைவது இதனால்தான். பந்தைச் சாய்த்துக் கேமராவை மட்டமாக்கியிருப்பார்கள், அடியில் சுழலும் அச்சு சாய்ந்தே இருக்கும்.

திருகு தொலைந்து எஸ்.ஜே.பி. ரோட்டு ஹார்டுவேர் கடைக்குப் போனால் பழைய திருகு ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். கேமராவுக்குக் கால் அங்குலம், அங்குலத்துக்கு 20 இழை. ட்ரைபாட் தலைக்குப் பெரும்பாலும் 3/8 அங்குலம், 16 இழை. பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் 6 மி.மீ. மெட்ரிக் போல்ட்டை எடுத்துவிடாதீர்கள். இரண்டு சுற்று ஏறுவதுபோல் ஏறி, கேமராவின் இழையைக் கெடுத்துவிடும்.

அளவெடுப்பது இரண்டு கட்டம். முதலாவது இடவலம். கேமராவை நேர்கீழாகக் கவிழ்த்து, லைவ் வியூவில் கட்டக்கோடுகளைப் போடுங்கள். ரொட்டேட்டரின் மையத் திருகு திரையின் நடுவில் விழும்வரை கீழ் ரயிலை நகர்த்துங்கள். பிறகு 180 டிகிரி திருப்பிப் பாருங்கள். திருகு நடுவிலேயே நின்றால் கீழ் ரயில் முடிந்தது. திரையில் மேலாகவோ கீழாகவோ விலகித் தெரிந்தால் ரயிலில் பிழையில்லை, கேமரா தட்டில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. தளர்த்தி மறுபடி பொருத்துங்கள்.

இரண்டாவது முன்பின். பொறுமை வேண்டியது இங்கேதான். பால்கனி கிரில் கம்பி ஒன்று லென்ஸிலிருந்து 50, 60 செ.மீ. தள்ளி இருக்கட்டும். அதற்குப் பின்னால் தொலைவில் ஒரு செல்போன் டவரோ, அடுக்குமாடியின் ஓரமோ தெரியட்டும். அப்பெர்ச்சரை எஃப் 16 வைத்தால் இரண்டும் ஓரளவு தெளிவாக இருக்கும். லைவ் வியூவைப் பெரிதாக்கி, கம்பியின் ஓரமும் டவரின் ஓரமும் தொட்டுக்கொள்ளும்படி ட்ரைபாடை நிறுத்துங்கள். இனி ட்ரைபாடைத் தொடாமல் ரொட்டேட்டரை மட்டும் திருப்புங்கள். கேமராவை வலப்பக்கம் திருப்பும்போது, டவரைவிடக் கம்பி இடப்பக்கம் விலகினால் லென்ஸ் முன்னால் துருத்தியிருக்கிறது; மேல் ரயிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள். கம்பி வலப்பக்கம் விலகினால் முன்னுக்குத் தள்ளுங்கள். முதலில் 5 மி.மீ. அளவிலும், பிறகு 1 மி.மீ. அளவிலும் நகர்த்துங்கள். சட்டத்தின் இரு ஓரங்களுக்குக் கொண்டுபோனாலும் இரண்டும் தொட்டபடியே இருந்தால் வேலை முடிந்தது.

இரண்டு ரயில்களின் மி.மீ. எண்ணையும் ஒரு சீட்டில் எழுதி ஹெட்டிலேயே ஒட்டுங்கள். கேமரா, லென்ஸ், ஜூம் அளவு மூன்றையும் சேர்த்து எழுத வேண்டும், ஏனென்றால் ஜூம் மாறினால் அந்தப் புள்ளியும் மாறும். 18-55 லென்ஸை 18-இல் வைத்து, ஜூம் வளையத்துக்கு ஒரு துண்டு டேப் போட்டுவிடுங்கள்.

அந்த 18 மி.மீ. லென்ஸ், ஏபிஎஸ்-சி கேமராவில் நெடுக்குவாக்கில் ஏறக்குறைய 47 டிகிரி அகலத்தைப் பார்க்கும். 30 டிகிரி கிளிக் வைத்தால் ஒரு சுற்றுக்கு 12 படம், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மேற்படிவு (அடுத்தடுத்த படங்களில் பொதுவாக வரும் பகுதி) கிடைக்கும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேமில் 24 மி.மீ. என்றால் 36 டிகிரியில் 10 படம் போதும். மேற்படிவைக் கால் பங்குக்குக் கீழே இறக்காதீர்கள். வெள்ளைச் சுவர் உள்ள அறையில் மென்பொருள் பிடித்துக்கொள்ள அடையாளமே இருக்காது.

எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றும் மேனுவல். எஃப் 8-இல் 2 மீட்டருக்கு ஃபோகஸ் வைத்தால், இந்த 18 மி.மீ. லென்ஸில் ஏறக்குறைய 1 மீட்டர் முதல் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவாக வரும். ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். போலரைசர் ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் வானம் பட்டை பட்டையாக இருண்டு வெளுக்கும். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். ஒவ்வொரு கிளிக்குக்கும் பிறகு 2 விநாடி டைமர் ஓடட்டும், ஹெட்டின் செங்குத்துக் கையின் ஆட்டம் அதற்குள் அடங்கிவிடும்.

பெங்களூரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகம் நிமிடத்துக்கு நிமிடம் வெயிலை மறைத்துத் திறக்கும். கண்ணாடி மாளிகை மாதிரியான இடத்தில் சுற்று தொடங்கும்போது இருந்த வெளிச்சம் முடிக்கும்போது இருக்காது. வெயிலோ நிழலோ, ஏதோ ஒன்று நிலைத்த பிறகு தொடங்கி, ஒரே மூச்சில் முடியுங்கள். ட்ரைபாட் விரிக்க அனுமதி உண்டா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். நடமாடும் ஆட்கள் மேற்படிவுக்குள் வந்தால், அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டுவதற்கு இலவசமாகக் கிடைக்கும் ஹுகின் மென்பொருள் போதும். தூரத்துப் பொருள்களில் கண்ட்ரோல் பாயிண்ட் (இரு படங்களிலும் ஒரே இடமாகப் பொருத்தும் புள்ளி) பிழை ஓரிரு பிக்சலாகவும், அருகிலுள்ளவற்றில் மட்டும் அது பெரிதாகவும் இருந்தால் மேல் ரயில் எண்ணைச் சரிபாருங்கள். எங்கும் ஒரே மாதிரி பிழை வந்தால் ஹெட்டின் செங்குத்துக் கை தளர்ந்திருக்கும், அல்லது சுற்றின் நடுவே ஜூம் நகர்ந்திருக்கும். ஹெட்டை ஸ்கூட்டரில் கொண்டுபோனால் அதிர்வில் ரயில் திருகுகள் இளகும். இடத்துக்குப் போனதும் சீட்டிலுள்ள எண்ணோடு ரயிலை ஒருமுறை ஒப்பிட்டுவிட்டு முதல் படத்தை எடுங்கள்.