புது லேப்டாப் பழைய பிரிண்டரை ஏற்க மறுத்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் என் அக்கா ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டார். வீட்டிலேயே தமிழ்த் துணைப்பாடம் நடத்துகிறார், மறுநாள் காலையில் தொடக்கநிலை 5 பிள்ளைகளுக்குக் கருத்தறிதல் பயிற்சித்தாள் கொடுக்க வேண்டும், ஆனால் வாங்கி இரண்டே நாளான லேப்டாப் ஆறு வருடமாக ஒழுங்காக ஓடிய லேசர் பிரிண்டரோடு சேரமாட்டேன் என்கிறது. "தம்பி, நாலு தடவை இன்ஸ்டால் பண்ணிட்டேன்டா. கடைசி வரைக்கும் போகுது, முடிஞ்சதுன்னும் சொல்லுது. ஆனா பிரிண்டர் பேருக்குக் கீழே 'டிரைவர் இஸ் அன்அவைலபிள்'னு நிக்குது."

பிரிண்டரில் கோளாறு இல்லை, அக்கா செய்ததிலும் தப்பில்லை. லேப்டாப்பின் புராசசர் வேறு இனம், அவ்வளவுதான். 2024 ஜூனிலிருந்து கடைகளுக்கு வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப்களில் இருப்பது ஏஆர்எம் வகை, நம் கைப்பேசிகளில் இருக்கும் அதே குடும்பம். இத்தனை வருடம் நாம் பழகிய இன்டெல், ஏஎம்டி புராசசர்கள் எக்ஸ்86 வகை.

இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. பழைய மென்பொருள் எல்லாம் ஓடுகிறதே, டிரைவரும் (பிரிண்டரோடு பேச விண்டோஸுக்கு உதவும் சின்ன மென்பொருள்) ஓடிவிடும் என்று நினைத்துவிடுகிறோம். விண்டோஸ் 11-இல் பிரிசம் என்று ஓர் எமுலேட்டர் இருக்கிறது, அது எக்ஸ்86 மென்பொருளை ஏஆர்எம்முக்குப் புரிகிற மாதிரி மாற்றி ஓட்டிவிடும். ஆனால் அச்சு வேலையைக் கவனிக்கும் ஸ்பூலர் என்ற பகுதி ஏஆர்எம்மில்தான் ஓடுகிறது, அதற்குள் போய் உட்காரும் டிரைவரும் ஏஆர்எம்64-க்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்ஸ்டாலர் சாதாரண மென்பொருள் என்பதால் அது எமுலேட்டரில் நன்றாகவே ஓடி, பச்சைக் கோடு முழுதாக நிரம்பி, முடிந்தது என்றும் சொல்லிவிடும். உள்ளே வைத்த டிரைவர் மட்டும் எழுந்திருக்காது. அக்கா நான்கு முறை செய்தும் பலிக்காததற்கு இதுதான் காரணம். பழைய விண்டோஸ் போலப் பாவித்து ஓட்டும் கம்பேட்டிபிலிட்டி மோடை மாற்றிப் பார்ப்பதும் இதற்கு உதவாது.

பிரிண்டர் நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் "உங்கள் கணினிக்கு ஏற்றது" என்று தானாகக் காட்டும் டிரைவரை அப்படியே இறக்குவது அடுத்த தவறு. ஏஆர்எம் லேப்டாப்பிலும் குரோம் போன்ற பிரவுசர்கள் தங்களை எக்ஸ்64 (அதாவது எக்ஸ்86 வகை) விண்டோஸ் என்றே சொல்லிக்கொள்கின்றன, அதனால் அந்தப் பக்கம் தவறான டிரைவரை நீட்டும். பட்டியலைத் திறந்து ஏஆர்எம்64 என்று எழுதியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இல்லையென்றால் தேடலில் வரும் யாரோ ஒருவருடைய "டிரைவர் அப்டேட்டர்" பக்கம் போகவே போகாதீர்கள், தயவுசெய்து. நிறுவனமே எழுதாத டிரைவரை அவர்கள் எங்கிருந்து கொண்டு வருவார்கள்? கிடைப்பது வேண்டாத மென்பொருள்தான். விண்டோஸ் அப்டேட் ஒருநாள் சரிசெய்துவிடும் என்று காத்திருப்பதும் வேண்டாம். பிற நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களை அந்த வழியாகக் கொடுப்பதைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது.

சரி, அப்போது என்னதான் வழி? நிறுவனத்தின் தனி டிரைவரே தேவைப்படாத வழி. கைப்பேசியிலிருந்து அச்சிடும்போது யாராவது டிரைவர் போடுகிறார்களா? ஆப்பிளின் ஏர்பிரிண்ட் 2010-இல் வந்தது, ஆண்ட்ராய்டு, விண்டோஸ் பக்கம் மோப்ரியா என்ற கூட்டமைப்பு 2013-இல் தொடங்கியது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஐபிபி என்ற பொதுவான அச்சு நெறிமுறை. அதற்கான பொது டிரைவர், ஐபிபி கிளாஸ் டிரைவர், விண்டோஸிலேயே இருக்கிறது, ஏஆர்எம்மிலும் இருக்கிறது. ஆகவே உங்கள் பிரிண்டர் ஒத்துவருமா என்று பார்க்க நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்: கைப்பேசியில் ஒரு படத்தைத் திறந்து, போனிலேயே உள்ள பிரிண்ட் பொத்தானை அழுத்துங்கள். பிரிண்டர் நிறுவனத்தின் ஆப் வழியாக வேண்டாம், அது தன் சொந்த வழியில் பேசக்கூடும். தாள் வெளியே வந்தால், பெரும்பாலும் ஏஆர்எம் லேப்டாப்பிலும் வரும்.

அக்கா வீட்டுப் பிரிண்டரில் வைஃபை இருந்தது, ஆறு வருடமாக அதை யாரும் தொட்டதே இல்லை, எப்போதும் யுஎஸ்பி கேபிள்தான். கேபிளைக் கழற்றி, பிரிண்டரின் சின்னத் திரையில் வைஃபை கடவுச்சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார், அதற்கே பத்து நிமிடம். அப்புறம் லேப்டாப்பில் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ், ஆட் டிவைஸ். தானாகத் தெரியவில்லை. கையால் சேர்க்கும் வழியில் போய், பிரிண்டரின் ஐபி முகவரியை (வைஃபையில் அதற்குக் கிடைத்த எண்) கொடுத்து, வகையில் 'ஐபிபி டிவைஸ்' என்று தேர்ந்தெடுத்ததும் சேர்ந்துவிட்டது. பதினொன்றரைக்கு முதல் பயிற்சித்தாள் வந்தது. இங்கே ஒன்று கவனியுங்கள்: லேப்டாப் விருந்தினர் வைஃபையில் இருந்தால் பிரிண்டர் கண்ணில் படவே படாது, இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும்.

அச்சு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று பழைய லேப்டாப்பை விற்றுவிடாதீர்கள். ஸ்கேன் வேறு சங்கதி, அதற்குத் தனி டிரைவர் தேவைப்படலாம். ஸ்கேன், இருபக்க அச்சு, தாள் தட்டு மாற்றுவது, எதெல்லாம் உங்களுக்கு வேண்டுமோ அதையெல்லாம் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு விற்கலாம்.

இன்னும் லேப்டாப் வாங்காதவர்களுக்கு: சிம் லிம் ஸ்குவேரிலோ மார்ச் மாத ஐடி ஷோவிலோ 'கோபைலட் பிளஸ்' என்ற பெயரை மட்டும் பார்த்து ஏஆர்எம் என்றோ இல்லை என்றோ முடிவு செய்யாதீர்கள். அந்தப் பெயரில் ஸ்னாப்டிராகனும் வருகிறது, இன்டெல் கோர் அல்ட்ரா 200வி, ஏஎம்டி ரைசன் ஏஐ 300 வரிசைகளும் வருகின்றன. பின்னவை இரண்டும் எக்ஸ்86தான், அவற்றில் இந்தத் தொல்லை கிடையாது. காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் போய், சிஸ்டம் டைப் வரியில் 'ஏஆர்எம்-பேஸ்ட் புராசசர்' என்று இருக்கிறதா என்று பாருங்கள், அரை நிமிட வேலை. ஏஆர்எம் லேப்டாப் மோசம் என்று நான் சொல்லவில்லை. பேட்டரி நீடிக்கிறது, சூடாவதும் குறைவு, அக்காவே அதை விரும்பித்தான் வைத்திருக்கிறார்.

உண்மையிலேயே வழியில்லாத பிரிண்டர்களும் உண்டு. யுஎஸ்பி மட்டும் உள்ள பழைய மலிவு லேசர்களில் நிறைய, பக்கத்தை வரையும் வேலையை முழுக்கக் கணினியிடமே விட்டுவிடும் வகை. டிரைவர் இல்லையென்றால் அவற்றால் ஒரு கோடுகூடப் போட முடியாது. அப்படியிருந்தால் பழைய லேப்டாப்பை அந்தப் பிரிண்டரோடு வைத்துவிட்டு, கோப்பைப் பிடிஎஃப் ஆக்கி தம்ப் டிரைவில் கொண்டுபோய் அச்சிடலாம். புதுப் பிரிண்டரே வாங்குவதாக இருந்தால் பழையதைப் புளோக்குக்குக் கீழே குப்பைத்தொட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டு வராதீர்கள். 2021 ஜூலை முதல் இங்கே மின்கழிவுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. புதுப் பிரிண்டரை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கும்போது அதே வகைப் பழைய பொருளைக் கடைக்காரர் இலவசமாகத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.