காமிக்ஸ் கட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் ராக் குழுக்களைக் கண்டுபிடிக்க
முதல் வாசிப்பு கதைக்கு. இரண்டாவதில் வசனத்தை விட்டுவிட்டுக் கட்டத்தின் ஓரங்களைப் பாருங்கள்: சுவரொட்டி, டி-ஷர்ட், கூட்டத்தில் நிற்கும் முகங்கள். பிரெஞ்சு காமிக்ஸ் நாயகன் ஆஸ்டெரிக்ஸ் பிரிட்டனுக்குப் போகும் கதையில் ரசிகைகள் மொய்க்கும் நான்கு பாணர்களை நான் இரண்டு முறை கவனிக்காமலே தாண்டியிருக்கிறேன். நெற்றியை மூடிய அந்த முடிதான் கடைசியில் காட்டிக்கொடுத்தது. பீட்டில்ஸ்!

பெயர்களை வாய்விட்டுப் படியுங்கள். ஜோஜோ என்ற மங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) வரும் ‘கில்லர் குயின்’ என்ற பெயர், குயின் குழுவின் 1974ஆம் ஆண்டுப் பாடல்.

இதழ் வெளியான ஆண்டும் முக்கியம். 1970இல் வந்த பேட்மேன் 222ஆம் இதழ், பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டதாக முந்தைய ஆண்டு பரவிய வதந்தியைக் கிண்டலடிக்கிறது. அது தெரியாவிட்டால் பாதி வேடிக்கை போய்விடும்.

கிஸ் குழுவின் 1977ஆம் ஆண்டு மார்வல் இதழில் தேடலுக்கே வேலையில்லை. அச்சு மையில் தங்கள் ரத்தத்தையே கலந்தவர்கள், ஓரத்திலா நிற்பார்கள்?