டிஃபரன்ஷியல் கவசம்: தகட்டைப் பார்ப்பதற்கு முன் ஆக்ஸிலைப் பாருங்கள்

சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் தடத்தைப் பார்த்தவர்களுக்கு, கரடுமுரடான பாதையில் வண்டியின் எந்தப் பகுதி முதலில் அடிபடும் என்று விளக்கத் தேவையில்லை. சக்கரங்கள் ஓடி ஓடி இரு பக்கமும் பள்ளமாகிவிட, நடுவில் மண்ணும் பாறையுமாக ஒரு மேடு எஞ்சி நிற்கும். அந்த மேட்டை உரசிக்கொண்டு போவது ஆக்ஸிலில் குண்டாகத் தொங்கும் டிஃபரன்ஷியல்தான். பட்டறைகளில் அதைக் கிரவுன் என்றே சொல்லிவிடுவார்கள். சுழற்சியைத் திசை திருப்பி இரு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிரவுன் சக்கரமும், அதைச் சுழற்றும் சிறிய பல்சக்கரமான பினியனும் அதற்குள் கியர் ஆயிலில் தோய்ந்தபடி சுழல்கின்றன. உறையில் விரிசல் விழுந்தால் ஆயில் போகும். ஆயில் போனது தெரியாமல் ஓட்டினால் பற்களும் பேரிங்குகளும் போகும். ஆகவே அதற்கு ஒரு கவசம் பொருத்த நினைப்பதில் தவறில்லை. ஆனால் வாங்குபவர்களில் பெரும்பாலோர் தகடு எத்தனை மில்லிமீட்டர், என்ன விலை என்று விசாரிக்கிறார்களே ஒழிய, அது காக்க வேண்டிய பொருளை வண்டிக்கு அடியில் படுத்து ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை.

டிஃபரன்ஷியல் எதோடு சேர்ந்து அசைகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாருதி சுஸுகி ஜிம்னியில் முன்னும் பின்னும் ஒரே தண்டான ஆக்ஸில்கள் இருப்பதால், இரண்டு டிஃபரன்ஷியல்களும் சக்கரங்களோடு சேர்ந்தே மேலும் கீழும் போகின்றன. 2020இல் வந்த மஹிந்திரா தாரில் பின்பக்கம் மட்டுமே அப்படி. முன்பக்கம் சக்கரங்கள் தனித்தனியாக அசைவதால், முன் டிஃபரன்ஷியல் சேஸிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், கட்டப்பட்டு, ஸ்பிரிங் அமுங்கும்போது வண்டியின் உடலோடு சேர்ந்து தரையை நோக்கி இறங்குகிறது. இந்த வேறுபாட்டை அறியாமல், சேஸிஸின் இரு சட்டங்களுக்கும் குறுக்கே மாட்டும் பெரிய தகடு ஒன்றை வாங்கிவிட்டு, பின் கிரவுனும் அதில் அடங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தகடு, முன் பின் ஆக்ஸில்களுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸைக் காக்கும், கியர்பாக்ஸைக் காக்கும். அதற்கு வெகு கீழே, தனியே ஆடிக்கொண்டிருக்கும் ஆக்ஸிலைக் காக்காது. தண்டு ஆக்ஸிலுக்கான கவசம் ஆக்ஸில் உறையோடேயே பிணைந்திருக்க வேண்டும். தனித்தனியாக அசையும் முன்பக்கத்துக்குத்தான் சேஸிஸ் தகடு பொருந்தும்.

இதே குழப்பத்தின் மறுபக்கம், ஸ்பிரிங்கை உயர்த்திவிட்டால் கவசமே தேவைப்படாது என்ற எண்ணம். தண்டு ஆக்ஸில் வண்டியில் இரண்டு அங்குலம் உயரமான ஸ்பிரிங் போட்டாலும் உயர்வது உடல்தான். கிரவுன் தரையிலிருந்து இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது பெரிய டயர் ஒன்றுதான், அதுவும் விட்டம் கூடிய அளவில் பாதியே: 50 மி.மீ. கூடுதல் விட்டமுள்ள டயர் 25 மி.மீ. மட்டும் தரும். மணலிலும் பாறையிலும் பிடிப்புக்காகக் காற்றைக் குறைத்தால் அதிலும் கொஞ்சம் போய்விடும்.

கவசமும் இடத்தை எடுத்துக்கொள்ளும் பொருள் என்பதை விற்பவர்கள் தாமாகச் சொல்வதில்லை. ஜிம்னியின் அறிவிக்கப்பட்ட தரை இடைவெளி 210 மி.மீ., தாரின் அளவு 226 மி.மீ. கிரவுனின் அடியிலிருந்தே அந்த அளவு எடுக்கப்பட்டதாகக் கொண்டால், 6 மி.மீ. தகடு, அதற்கும் உறைக்கும் நடுவே 10 மி.மீ. வெற்றிடம், கீழே துருத்தும் போல்ட் தலை ஒரு 6 மி.மீ. என்று கூட்டும்போது ஜிம்னிக்கு மிஞ்சுவது 188தான். முன்பு தொடாமல் தாண்டிய கல்லை இனி கவசமே தேடிப் போய் முட்டும். கடையில் கேட்க வேண்டியது தகட்டின் கனத்தை அல்ல, பொருத்திய பிறகு மொத்தம் எவ்வளவு கீழே இறங்கும் என்பதை. வெற்றிடமே இல்லாமல் ஒட்டிப் படுத்திருக்கும் தகடும் ஆகாது. தகடு வாங்கும் அடி அப்படியே உறைக்குப் போய்ச் சேரும்.

அடி எந்தத் திசையிலிருந்து வரும் என்பதில் நானே ஏமாந்திருக்கிறேன். என்னிடம் இருந்த பழைய ஜீப்பில், பின் ஆக்ஸிலின் முன்புறத்தையும் அடிப்புறத்தையும் வளைத்துப் பிடிக்கும் ஒரு கவசத்தைப் பொருத்தியிருந்தேன். முன்னோக்கித்தானே ஓட்டுகிறோம் என்பது என் கணக்கு. ஓர் ஓடைப் படுகையில் ஏற முடியாமல் பின்வாங்கியபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது, அவ்வளவுதான். அரை மணி நேரம் கழித்து வண்டியை நிறுத்தியபோது கந்தகம் கலந்த அந்த வீச்சம் மூக்கில் ஏறியது; கியர் ஆயிலை ஒருமுறை முகர்ந்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். கீழே தவழ்ந்து பார்த்தால், பின்புற மூடியின் கீழ் விளிம்பை ஒரு கல் ஆணி பிடுங்குவதுபோல் நெம்பித் திறந்திருந்தது. மூடியின் நடுவில் ஒரு கீறல்கூட இல்லை. விளிம்பு மட்டும் ஒரு நகக்கண் அளவு வாய்பிளந்து, அதன் வழியே ஆயில் இழையாக வழிந்துகொண்டிருந்தது.

அந்த வகை ஆக்ஸிலில், கழற்றக்கூடிய தகர மூடி ஒன்று பினியனுக்கு எதிர்ப்புறத்தில் போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டிருக்கும். பின் ஆக்ஸிலில் பினியன் முன்னோக்கி இருப்பதால் மூடி பின்னோக்கி இருக்கும். முன் ஆக்ஸிலில் எல்லாம் தலைகீழ், மூடிதான் வழியில் வரும் கல்லை நேராகச் சந்திக்கும். ஆக, முன் ஆக்ஸிலுக்கு மூடியின் கீழ் விளிம்பைச் சுற்றி வரும் கனமான வளையமும், பின் ஆக்ஸிலுக்குப் பினியன் மூக்கையும் மூடி விளிம்பையும் சேர்த்துக் காக்கும் அமைப்பும் தேவை. ஜிப்ஸி, ஜிம்னி போன்றவற்றில் மூடி என்று தனியே எதுவும் இல்லை. கியர் தொகுதி பினியன் இருக்கும் பக்கமாகக் கழன்று வரும், மறுபக்கக் குமிழ் உறையோடு ஒன்றாகவே இருக்கும். அங்கே மூடி விளிம்பைப் பற்றிய கவலை இல்லாவிட்டாலும், அடியில் உள்ள ஆயில் வடிப்பு போல்ட்டும், ஆயில் கசியாமல் தடுக்கும் பினியன் சீலும் வெளியே தெரிகின்றன. ஒரு வண்டிக்குச் செய்ததை மற்றொன்றுக்கு 'ஏறக்குறையப் பொருந்தும்' என்று தட்டி வளைத்து மாட்டுவது எவ்வளவு வீண் என்பது இதிலிருந்தே விளங்கும்.

எஃகா அலுமினியமா என்ற விவாதத்துக்கு அது பெறுகிற அளவு மரியாதை தேவையில்லை என்பது என் கருத்து. அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. ஆனால் ஒரு தகடு வளையாமல் நிற்கும் திறன் அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுவதால், எஃகைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவான கனமுள்ள அலுமினியத் தகடு அதே விறைப்பைப் பாதி எடையில் தந்துவிடும். 400க்கு 500 மி.மீ. அளவுள்ள தகடு 3 மி.மீ. எஃகில் சுமார் 4.7 கிலோ, அதைப்போல் இரு மடங்கு தடிமனான 6 மி.மீ. அலுமினியத்தில்கூட சுமார் 3.2 கிலோதான். கணக்கு இப்படி அலுமினியத்தின் பக்கம் சாய்ந்தாலும், கவசத்தின் வேலை அடியைத் தாங்குவதோடு முடிவதில்லை. கல்லின் மேல் வழுக்கி வண்டியை நகர விடவும் வேண்டும். கூரான பாறையில் அலுமினியம் உழப்பட்டுப் பிடித்துக்கொள்ளும், எஃகு சறுக்கிப் போகும். ஆகவே பெரிய சேஸிஸ் தகட்டுக்கு அலுமினியம் சரி. பாறையில் உட்காரப்போகும் சிறிய கிரவுன் கவசத்துக்கு எஃகையே நான் தேர்ந்தெடுப்பேன். அதற்காகக் கனம் கூடக் கூட நல்லது என்று 10 மி.மீ. தகட்டைத் தொங்கவிடுவதும் வேண்டாத வேலை. ஆக்ஸிலில் ஏற்றும் எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை. ஒவ்வொரு குழியிலும் அது சக்கரத்தோடு சேர்ந்து குதிக்கும்.

பொருத்தும்போது நேரும் தவறுகள் சிறியவையாகத் தோன்றும், செலவு மட்டும் பெரிதாக வரும். மூடியின் போல்ட்டுகளிலேயே மாட்டும் கவசம் என்றால், அதன் காதுகள் 5 மி.மீ. கனம் இருக்கும்போது பழைய போல்ட்டின் பிடிமானத்திலிருந்து அதே 5 மி.மீ. கழிந்துவிடுகிறது. 8 மி.மீ. போல்ட்டுக்கு வார்ப்பிரும்பில் 10 முதல் 12 மி.மீ. வரை மரை ஏறியிருக்க வேண்டும். நீளமான போல்ட் தராத பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கீழ்ப்புறத்து போல்ட் தலைகள் தகட்டுக்குள் புதைந்திருப்பதே நல்லது, ஏனெனில் வெளியே நிற்கும் தலையைப் பாறை தேய்த்துவிட்டால் பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. ஆக்ஸில் உறையில் நேரடியாக வெல்டிங் வைக்கச் சொல்லும் யோசனைக்குச் சட்டென்று தலையாட்டக் கூடாது. சூடு உறையைக் கோணலாக்கக்கூடும். எர்த் கிளிப்பை எங்கோ தொலைவில் மாட்டினால் மின்னோட்டம் பேரிங்குகளின் வழியே பாய்ந்து அவற்றின் மேற்பரப்பில் புள்ளி விழச் செய்யும்.

ஜாக்கியில் தூக்கி நிறுத்தி மாட்டியபோது எதுவும் உரசவில்லை என்பதும் போதாது. ஒரு சக்கரம் கல்லின் மேல் ஏறி ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது கவசத்தின் மேல் விளிம்பு குறுக்குத் தண்டையோ, ஸ்டீயரிங் ராடையோ, பிரேக் குழாயையோ தொடுகிறதா என்று பார்க்க வேண்டும். சந்தேகமுள்ள இடத்தில் ஒரு களிமண் உருண்டையை ஒட்டிவிட்டு, மேடு பள்ளத்தில் மெதுவாக ஏறி இறங்கித் திரும்பினால், அது எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பதே மிச்சமுள்ள இடைவெளியைக் காட்டிவிடும்.

முழுக்க மூடிய கவசம் பாதுகாப்பானது என்று நினைப்பவர்கள் சேற்றை மறந்துவிடுகிறார்கள். உள்ளே புகுந்த சேறு வெளியேற வழியில்லாமல் இறுகி, ஈரத்தைப் பிடித்து வைத்து உறையைத் துருவேற்றும்; காய்ந்த புல் சேர்ந்து, பக்கத்தில் சைலன்சர் குழாயும் ஓடினால் தீப்பிடிக்கவும் இடமுண்டு. வடியும் துளைகளும், கவசத்தைக் கழற்றாமலேயே வடிப்பு போல்ட்டைத் திறக்க ஒரு திறப்பும் உள்ளதைத் தேடி வாங்குங்கள். ஆயில் மாற்றுவதற்காக ஒவ்வொரு முறையும் எட்டு போல்ட் கழற்ற வேண்டியிருந்தால், ஆயில் மாற்றுவதே நின்றுபோகும்.

தண்ணீரில் இறங்குபவர்கள் கவசத்தின் மேல் வைக்கும் நம்பிக்கை வேறொரு வகை. ஓடிச் சூடேறிய ஆக்ஸில் குளிர்ந்த ஆற்றில் முங்கும்போது உள்ளே காற்று சுருங்கி, காற்று போய் வருவதற்கான பிரீதர் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். எவ்வளவு கனமான தகடும் இதைத் தடுக்காது. பிரீதரோடு ஒரு ரப்பர் குழாயை இணைத்து என்ஜின் அறையின் மேற்பகுதி வரை கொண்டுபோவதே வழி. அடுத்த முறை வடித்த ஆயில் பால் கலந்த காபிபோல் இருந்தால், தண்ணீர் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது என்று அறியலாம்.

புதிய வண்டியாக இருந்தால் கவசம் பொருத்துவது உத்தரவாதத்தைப் பாதிக்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளரின் அடிப்படை விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது; உறைக்கு அடியில் ஒளிந்திருக்கும் தகட்டைவிட, அதோடு சேர்த்து விற்கப்படும் முன்பக்கக் கம்பிக் கூடுகளே இதில் சிக்கலைக் கொண்டுவரும்.

முதல் மலைப்பயணம் முடிந்து வந்ததும் கவசத்தை நன்றாகக் கழுவிவிட்டுக் கீறல்களைப் பாருங்கள். முன்னிருந்து பின்னாக நீளமாக ஓடும் கீறல்கள் தகடு வழுக்கியதைக் காட்டும். ஒரே இடத்தில் ஆழமான குத்தல் இருந்தால் அங்கே வண்டி கல்லில் மாட்டி நின்றிருக்கிறது, அந்த விளிம்பை இன்னும் மேல்நோக்கி வளைக்க வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் கீறல்கள் குவிந்திருந்தால், உங்கள் வண்டியின் கிரவுன் நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் நடுமேட்டை எந்தப் பக்கமாக விட்டு ஓட்டுவது என்பதும் அந்தக் கீறல்களிலேயே தெரிந்துவிடும்.